பதினோரு பை வைத்த பேன்ட்

வம்பு அந்த வீட்டுக்குள் பேன்ட் உருவத்தில் வந்தது. அதற்குப் பதினோரு பை.

பாப்பாவின் புருஷன் பிளம்பர். பாப்பா என்றால் கைக்குழந்தை என்று நினைத்துவிட வேண்டாம். முப்பத்தைந்து வயது, மூக்குக் கண்ணாடி, முன்னறையில் தையல் மெஷின், கழுத்தில் எப்போதும் தொங்கும் அளவு நாடா. அவளுடைய அப்பா இன்னும் பாப்பா என்றே கூப்பிடுவதால் தெருவும் அப்படியே கூப்பிட்டது. நமக்கும் அவள் பாப்பாதான். புருஷன்காரனுக்குக் கை சுத்தம், வேலை சுத்தம், ஞாபகம் மட்டும் சல்லடை. போகிற வீட்டிலெல்லாம் ஒரு சாமானை விட்டுவிட்டு வருவான். ஒரு வீட்டில் ஸ்பேனர், இன்னொரு வீட்டில் குறடு. ஒரு தடவை டாக்டர் வீட்டுக் குளியலறையில் தன் சட்டையையே மறந்துவிட்டுப் பனியனோடு வந்து நின்றான். அப்படிப்பட்டவன் நடைபாதைக் கடையில் அந்த மிலிட்டரி பேன்ட்டைப் பார்த்துவிட்டுச் சும்மா வருவானா? பச்சையும் பழுப்பும் திட்டுத் திட்டாக அப்பிய துணி. இடுப்பில் பை, தொடையில் பை, முழங்காலில் பை, கெண்டைக்காலில்கூடப் பை. குறடுக்கு ஒரு வீடு, ஸ்பேனருக்கு ஒரு வீடு, டேப்புக்கு ஒரு வீடு என்று கடையிலேயே நின்று குடித்தனம் பிரித்துவிட்டான்.

அதைப் போட்டுக்கொண்டு முதல் நாள் பஸ் ஏறினான். ஒரு அம்மாள் சட்டென்று எழுந்து இடம் கொடுத்தாள்.

"எல்லையில நின்னு நின்னு கால் வலிச்சிருக்கும். உக்காருப்பா."

"ஐயோ, நான் பிளம்பருங்க. சாக்கடை அடைப்பு எடுத்துட்டு வர்றேன்."

"பாருங்க, எவ்வளவு அடக்கம்!" என்று அம்மாள் பஸ் முழுக்கச் சொல்லிவிட்டாள். பின்சீட்டில் நாலு பேர் கை தட்டினார்கள். சாக்கடை வாடை அடித்தும் ஒருவர்கூட மூக்கைப் பொத்தவில்லை. போர்க்கள வாடை என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து இதை நடித்துக் காட்டி, வயிறு குலுங்கச் சிரித்தான். பாப்பாவும் சிரித்தாள். உள்ளறையில் மாமனார் இருப்பதை இருவருமே மறந்துவிட்டார்கள்.

மாமனாரைத் தெருவில் எல்லோரும் சார்ஜெண்ட் என்பார்கள். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வாரம் தவறாமல் பழைய சீருடையை இஸ்திரி போடுவார். ஆனால் உடுத்திக்கொள்ள மாட்டார். அலமாரியில் மாட்டி, ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துவார். அதன் மார்பில் ஒரே ஒரு பதக்கம். எந்தப் போர், எந்தக் களம் என்று யாராவது கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். கேட்டவர்கள், கேட்டிருக்கக் கூடாதோ என்று தாங்களே கலங்கிப்போய் விட்டுவிடுவார்கள்.

அவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். மருமகனைக் காலில் இருந்து இடுப்புவரை பார்த்தார்.

"எந்த ரெஜிமெண்ட்?"

"தள்ளுபடி மாமா. ஒண்ணு வாங்கினா இன்னொண்ணு பாதி விலை."

போச்சு. அந்த மனுஷன் முகம் போன போக்கைப் பார்த்துப் பாப்பா சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள்.

"இந்தாப்பா, அது வாங்குற துணி இல்ல. சம்பாதிக்கிற துணி. வெயில்லயும் பனியிலயும் கிடந்து, உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு சம்பாதிக்கிறது. கோழிக்கடைக்காரன் அதுல ஏப்ரன் தைச்சுக் கட்டியிருக்கான். எதிர்வீட்டு நாய்க்குக்கூட அதுல சட்டை. வெளியில நடக்கிறதை நான் தடுக்க முடியாது. இந்த வீட்டுக்குள்ள ஒண்ணு அந்த பேன்ட் இருக்கும், இல்ல நான் இருப்பேன்."

சொன்னதோடு நிற்காமல் கட்டிலுக்கடியில் இருந்து டிரங்குப் பெட்டியை இழுத்தார். முன்னாள் வீரர்களுக்கு ஒரு விடுதி இருக்கிறது, அங்கே போகிறேன் என்றார். மருமகனுக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"கல்யாணமாகி எட்டு வருஷம் ஆச்சு பாப்பா. உங்கப்பா வாயில இருந்து ஒரு தடவை 'மாப்பிள்ளை'ன்னு வந்திருக்கா? 'இந்தாப்பா', 'ஏம்ப்பா'. போன மாசம் பாங்குல இருந்து வந்தவர்கிட்ட என்ன சொன்னாரு? 'இது நம்ம வீட்ல குழாய் பாக்குற தம்பி.' இப்ப அவருக்காக நான் பேன்ட்டைக் கழட்டணுமா? கழட்ட மாட்டேன். வேணும்னா நான் ஏதாவது கடைத் திண்ணையில போய்ப் படுத்துக்கறேன்."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான் பாப்பாவின் கதி. தாய் போன பிறகு தனியாக வளர்த்த அப்பா ஒரு பக்கம். அந்த அப்பா குணம் தெரிந்தும் அவரைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளச் சம்மதித்த புருஷன் மறுபக்கம். இருவரில் யார் வாசல்படி இறங்கினாலும் அவளுக்கு அந்த வீடு வீடாக இருக்காது. அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வர, வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"துணி அவர் காசு. தகுதி உங்க தீர்ப்பு. அவ்வளவுதானே? பதினோரு பையையும் தைச்சு மூடிடறேன். அவரு ஒவ்வொண்ணா சம்பாதிக்கட்டும். நீங்க சரின்னா நான் பிரிச்சு விடுறேன். போதுமா ரெண்டு பேருக்கும்?"

குத்திக் காட்டத்தான் சொன்னாள். ஆனால் ஆம்பிளைகளிடம் கிண்டல் செய்வதில் ஒரு ஆபத்து உண்டு. சார்ஜெண்ட் டிரங்குப் பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

"நியாயமாத்தான் இருக்கு" என்றார்.

"எனக்கும் சம்மதம்" என்றான் பிளம்பர்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டு, பாப்பா அன்றே மெஷினில் உட்கார்ந்து பதினோரு பையையும் தைத்து மூடினாள்.

பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் முன்னறையில் விழா. சார்ஜெண்ட் தொப்பி வைத்துக்கொண்டு நிற்பார். மருமகன் விறைப்பாக நிற்பான். "இந்த நபர்" என்று ஆரம்பித்துக் காரணத்தைச் சொல்வார். காரணம் சொல்லாமல் எந்தப் பையும் திறக்கப்படாது என்பது அவர் போட்ட சட்டம். பாப்பா மண்டியிட்டு, சின்னக் கத்தரியால் தையலைப் பிரிப்பாள்.

முதல் பை, மேல்மாடி நர்ஸம்மா வீட்டுக் குழாயைக் கூலி வாங்காமல் சரிசெய்ததற்கு. இரண்டாவது, சுத்தியல் கட்டைவிரலில் விழுந்தும் கெட்ட வார்த்தை சொல்லாததற்கு. அப்போது மாமனார் பக்கத்தில் நின்றார் என்பதுதான் அந்த வீரத்தின் ரகசியம். மூன்றாவது, பாப்பா உப்புக்குப் பதில் சர்க்கரை போட்ட சூப்பை முகம் சுளிக்காமல் குடித்து முடித்ததற்கு. முழங்கால் பை, குளியலறைக் கதவுக்கடியில் ரப்பர் பட்டை அடித்ததற்கு; ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே கசியவில்லை என்று சார்ஜெண்ட் மனதாரப் பாராட்டினார். பதவி இறக்கமும் உண்டு. அவர் செய்தி கேட்கும்போது மருமகன் குறட்டை விட்டான் என்று கெண்டைக்கால் பையை மறுபடி தைக்கச் சொல்லிவிட்டார்.

முதலில் முறைத்துக்கொண்டு நின்றவன், போகப்போக ஞாயிற்றுக்கிழமைக்கு முகச்சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தான். சாமான்களை எங்கும் மறந்து வைப்பதும் நின்றது. இருந்த சில பைகளை அப்படிக் காபந்து பண்ணினான். தெருவிலும் பேச்சுப் பரவியது. ஒரு ஞாயிறு கோழிக்கடைக்காரர் ஏப்ரனைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார்.

"சார்ஜெண்ட் ஐயா, இதுலயும் முன்னாடி ஒரு பை இருக்கு. தைச்சு மூடச் சொல்லுங்க. சும்மா கட்டிக்கிட்டுத் திரியுறதுக்குக் கூச்சமா இருக்கு."

எதிர்வீட்டு நாயும் வந்தது. அதன் சட்டையில் பையே இல்லை. வாலை ஆட்டிவிட்டுப் போயிற்று. சார்ஜெண்டுக்குப் பத்து வயது குறைந்தமாதிரி இருந்தது. பாப்பாவுக்குத்தான் தையல் வேலை மலையாகக் குவிந்தது. அதைவிட ஒரு குறை அவள் நெஞ்சை அரித்தது. பை திறந்துகொண்டே இருந்தது, அப்பாவின் வாய்தான் திறக்கவில்லை. எத்தனை பை திறந்தாலும் மருமகன் 'இந்த நபர்'தான். ஒவ்வொரு விழா முடிந்ததும் புருஷன் அப்பாவின் முகத்தை ஒரு நொடி பார்ப்பான். பிறகு ஒன்றும் நடக்காதவன்போல் டீ குடிக்கப் போய்விடுவான்.

இப்படி இருக்கும்போது அந்த வால்வு விவகாரம் வந்தது. சார்ஜெண்டுக்கு எதிலும் ஒழுங்கு வேண்டும். எல்லோரும் விடிவதற்குள் குளித்துவிட வேண்டும் என்று, விடிந்ததும் கொல்லையில் இருந்த மெயின் வால்வை மூடிவிடுவார். தலையில் சோப்போடு நர்ஸம்மா மாடியில் இருந்து கத்துவாள். பொறுத்துப் பார்த்த பிளம்பர், ஒருநாள் வால்வின் கைப்பிடியைக் கழற்றிக் கெண்டைக்கால் பையில் போட்டுக்கொண்டான். அன்றைக்குச் சாயங்காலம்தான் அந்தக் குறட்டை. கெண்டைக்கால் பையைத் தைக்கச் சொல்லி உத்தரவு வந்தபோது, கோழிக்கடை ஏப்ரன் வேறு மெஷினில் காத்திருந்தது. அவசரத்தில் பாப்பா பைக்குள் கையை விட்டுப் பார்க்கவில்லை. கைப்பிடியோடு சேர்த்துத் தைத்துவிட்டாள்.

மறுநாள் காலை, குளியலறையில் இருந்து டமார் என்று ஒரு சத்தம். தொடர்ந்து தண்ணீர் சீறும் சத்தம்.

"பாப்பா! குழாய் கையோட வந்துடுச்சு!"

சார்ஜெண்ட் எதையும் முழுப் பலத்தோடுதான் திருகுவார். பாப்பா ஓடிப்போய்க் கதவை இழுத்தாள். அசையவில்லை.

"தாழ்ப்பாளைத் திறங்கப்பா!"

"சிக்கிக்கிச்சு! தண்ணி ஏறுது!"

"தண்ணி போற ஓட்டை இருக்கே?"

"கரப்பான் வரக்கூடாதுன்னு அதைத் துணி வச்சு இறுக்கி அடைச்சிட்டேன். இப்ப இழுத்தா வர மாட்டேங்குது."

கதவுக்கடியில் கசியலாம் என்றால், ரப்பர் பட்டை ஒரு சொட்டுக்கூட விடவில்லை. அதற்குத்தானே பரிசு கொடுத்தார்? தன் வினை தன்னைச் சுடும் என்பது போய், நனைக்கும் என்றாயிற்று.

பிளம்பர் பேன்ட்டை மாட்டிக்கொண்டு ஓடிவந்தான். "மெயின் வால்வை மூடணும். கைப்பிடி..." என்று குனிந்து கெண்டைக்காலைத் தடவினான். முகம் மாறியது. "இதுக்குள்ள இருக்கு. தைச்சிருக்கு."

பாப்பா பறந்துபோய்க் கத்தரியை எடுத்துவந்தாள். மண்டியிட்டுத் தையலில் முனையை வைத்தாள். அவன் காலை இழுத்துக்கொண்டான்.

"கை வைக்காத. அனுமதி இல்லாம பிரிக்கக் கூடாது."

"உங்களுக்குப் பைத்தியமா? அப்பா உள்ள இருக்காரு!"

"சட்டம் போட்டதும் அவருதானே?" என்றவன் கதவருகே போய் விறைப்பாக நின்றான். "சார்ஜெண்ட் மாமா! கெண்டைக்கால் பையைத் திறக்க அனுமதி வேணும்!"

"திறந்து தொலை! உத்தரவு!"

"உத்தரவுக்குப் பை திறக்கிற வழக்கம் நம்ம வீட்ல இல்லையே மாமா. தகுதிக்குத்தான் திறக்கும். காரணம் சொல்லணும்."

பாப்பாவுக்கு வந்த கோபத்தில் அந்தக் கத்தரியால் அவன் மீசையையே வெட்டியிருப்பாள். அப்போதுதான் கவனித்தாள். அவனுடைய முழங்கால் பையில் இருந்து குறடின் பிடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எட்டு வருஷம் பிளம்பரோடு குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா? கைப்பிடி இல்லாவிட்டால் குறடால் பிடித்துத் திருகினாலும் வால்வு மூடும். அவள் குறடைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். மெதுவாக விரலை உதட்டில் வைத்தான்.

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். பாப்பா கதவிடம் கேட்டாள்.

"அப்பா, தண்ணி எதுவரைக்கும் இருக்கு?"

"கணுக்கால்!"

கணுக்கால்தானே. கத்தரியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "காரணம் சொல்லுங்கப்பா" என்றாள். பாவி மகள்.

உள்ளே தண்ணீர் சீறியது. பக்கெட் ஒன்று மிதந்து சுவரில் இடிக்கும் சத்தம் கேட்டது.

"இந்த நபர்..." என்று ஆரம்பித்தார் சார்ஜெண்ட். தொண்டையைச் செருமினார். "இந்த நபர், குழாய் வேலை நல்லாப் பாக்குறார்."

"அது என் தொழில் மாமா. அதுக்குக் கூலி வாங்குறேன்."

"சரி! இந்த நபர், போன குளிர்ல நான் ராத்திரி முழுக்க இருமினப்ப எழுந்து வெந்நீர் வச்சுக் கொடுத்தார். நான் தூங்குறமாதிரி நடிச்சேன். டம்ளரைத் தலைமாட்டுல வச்சு, ஆறிடக் கூடாதுன்னு தட்டு போட்டு மூடிட்டுப் போனார்."

பிளம்பரின் விறைப்பு கொஞ்சம் தளர்ந்தது.

"என் மக ஊசி குத்திக்கிட்டா, அவளுக்கு முன்னாடி இவர்தான் 'ஸ்ஸ்'னு கத்துவார். எட்டு வருஷமா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இந்த வீட்டுக்கு நான் டிரங்குப் பெட்டியோட வந்த அன்னிக்கு, ஜன்னல் இருக்கிற அறையை எனக்குக் கொடுத்துட்டு, இவங்க ரெண்டு பேரும் மெஷின் பக்கத்துல பாய் போட்டாங்க. ஒரு வார்த்தை சொல்லிக் காட்டினதில்ல. போதுமா? முழங்காலுக்கு வந்துடுச்சு! போதுமா மாப்பிள்ளை?"

பாப்பா வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் இருந்து பொலபொலவென்று கொட்டியது. இப்போது வீட்டில் இரண்டு குழாய் உடைந்திருந்தது.

பிளம்பர் காலை நீட்டினான். அவள் அவசரத்தில் தையலோடு கொஞ்சம் துணியையும் சேர்த்து வெட்டினாள். அவன் கைப்பிடியை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினான். சீறல் நின்றது. திரும்பிவந்து கதவின் கீல்களைக் கழற்றினான். கதவைச் சாய்த்ததும் தேங்கிய தண்ணீர் மடைதிறந்தாற்போல் முன்னறைக்குள் பாய்ந்தது. பக்கெட் முதலில் வந்தது. சோப்பு டப்பா வந்தது. அதன் பின்னால் சார்ஜெண்ட் வந்தார்.

இடுப்பில் இருந்த துண்டு தண்ணீரோடு எங்கோ போயிருந்தது. மனுஷன் அரை டிராயரோடு நின்றார். பச்சையும் பழுப்பும் திட்டுத் திட்டாக அப்பிய மிலிட்டரி டிராயர். அதே நடைபாதைக் கடைத் துணி.

பாப்பா குனிந்து சோப்பு டப்பாவைப் பொறுக்கினாள்.

"எந்த ரெஜிமெண்ட் மாமா?" என்று பிளம்பர் மரியாதையாகத்தான் கேட்டான்.

"உள்ளாடை கணக்குல வராது" என்றார் சார்ஜெண்ட். பிறகு அவர் பார்வை மருமகனின் முழங்கால் பைக்குப் போயிற்று; அங்கே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த குறடில் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. மருமகன் டிராயரைப் பார்த்தான். மாமனார் குறடைப் பார்த்தார். இருவரும் ஒரே சமயத்தில் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். டிராயரை எங்கே வாங்கியது, குறடு ஏன் சும்மா இருந்தது என்று அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

ஆனால் பாப்பாவுக்கு நிம்மதி இல்லை. அன்று சாயங்காலம் புருஷன் சொன்னான்: "முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டுச் சொன்னது பாப்பா. அந்த நேரத்துல கோழிக்கடைக்காரர் வந்திருந்தாலும் மாப்பிள்ளைன்னுதான் கூப்பிட்டிருப்பாரு." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். வாரம் முழுக்கச் சார்ஜெண்டும் அவனை எந்த விதமாகவும் கூப்பிடவில்லை. 'இந்தாப்பா' கூட இல்லை.

சனிக்கிழமை அவர் மெஷின் பக்கத்தில் வந்து நின்றார். மடித்த டிராயரை அவள் மடியில் வைத்தார்.

"இதுல பின்பக்கம் ஒரு பை இருக்கு பாப்பா. தைச்சு மூடிடு."

"எதுக்குப்பா? உங்களுக்குத்தான் பதக்கமே இருக்கே."

அவர் வழக்கம்போல் ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு என்ன நினைத்தாரோ, மகள் பக்கமே திரும்பிவிட்டார்.

"நான் ஸ்டோர்ல இருந்தவன்மா. கோட்டு, பூட்ஸு, பொத்தான் எண்ணிக் கொடுக்கிற வேலை. என்னோட எதிரி அந்துப்பூச்சிதான். பதக்கம் இத்தனை வருஷம் ஒழுங்கா இருந்ததுக்கு எல்லாருக்கும் கொடுக்கிறது. நிஜமா களத்துக்குப் போனவங்களுக்கு நான்தான் துணி கொடுத்து அனுப்புவேன். சிலருது துணி மட்டும் திரும்பி வரும். அதனாலதான் தெருவுல கண்டவன் போட்டா பத்திக்கிட்டு வருது. ஆனா அதைக் கேக்க எனக்கு என்ன தகுதின்னு அந்தத் தண்ணியில நிக்கிறப்பத்தான் தோணுச்சு. நானும் சம்பாதிக்கிறேன். தைச்சுடு."

பாப்பா ஊசியில் நூல் கோத்தாள். கண் கலங்கியிருந்ததால் இரண்டு மூன்று தடவை தவறியது.

மறுநாள் ஞாயிறு. கோழிக்கடைக்காரர், நர்ஸம்மா, நாய் எல்லோரும் வந்திருந்தார்கள். தெருவே பார்க்கும்படி வாசல் கதவு திறந்திருந்தது. பிளம்பர் தெருமுனையில் யாருடனோ பேசிக்கொண்டு நின்றான். சார்ஜெண்ட் கையில் டீயோடு வாசலுக்கு வந்தார். கால் இரண்டும் நல்ல காய்ந்த தரையில் இருந்தன. பரேடு மைதானத்துக் குரலில் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை! டீ ஆறிப்போவுது, வாங்க மாப்பிள்ளை!"

தெருமுனையில் பேச்சு பாதியில் நின்றது. பிளம்பர் வந்தான். டீயை வாங்கவில்லை. பேன்ட் நிறையப் பை இருந்தும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் தவித்தான். பிறகு, முந்தின நாள் பாப்பா தைத்ததைப் பார்த்திருந்தவன், நேராக முன்னறைக்குப் போய், கொடியில் தொங்கிய டிராயரை எடுத்து, மெஷின் மேல் இருந்த சின்னக் கத்தரியால் அந்தப் பின்பக்கப் பையின் தையலைப் பிரித்தான்.

"காரணம் சொல்லணும்" என்றார் சார்ஜெண்ட்.

பிளம்பர் டிராயரை மடித்து இரண்டு கையாலும் நீட்டினான்.

"தரை காஞ்சிருந்தது மாமா" என்றான்.